டப்பா இல்லாத மூடிகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் நாத்தனார் சொல்லுவார், அதுவும் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். அவ்வளவு நிதானம். இப்படிப்பட்ட எங்களை ஒரே வீட்டில் வைத்தது போதாதென்று, விதி ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்தது. அதிலும் ஒரு குசும்பு பாருங்கள்: பொறுமையே உருவான அவருக்கு வேக அறை, தொட்டால் வெடிக்கிற எனக்கு மெது அறை.

நாங்கள் படிப்பது நிலநடுக்கத்தை. எல்லாருக்கும் தெரிந்தது வேக ரகம். பூமிக்கு அடியில் இரண்டு பெரிய பாறைத் தட்டுகள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நிற்கும், தாங்க முடியாமல் சில நொடிகளில் சறுக்கும், நாம் மேசைக்கு அடியில் புகுந்துகொள்வோம். மெது ரகம் என்று ஒன்று உண்டு. அதே தட்டுகள்தான், ஆனால் வாரக்கணக்கில் சத்தம் காட்டாமல் நகரும். மேசை மேல் வைத்த டம்ளர் தண்ணீர்கூட அலுங்காது. தரையில் நட்டு வைத்திருக்கும் கருவிகள் செயற்கைக்கோள்களின் உதவியால் தாங்கள் இருக்கும் இடத்தை ஒரு கோடாக வரைந்துகொண்டே இருக்கும். அந்தக் கோடு மெல்லச் சாயும்போதுதான் பூமி நகர்ந்ததே எங்களுக்குத் தெரியும். பீரோவை இடம் மாற்றியவர்களுக்கு இது புரியும். தள்ளத் தள்ளச் சில சமயம் வழுக்கிக்கொண்டே போகும். சில சமயம் அடம்பிடித்து நின்று, திடீரென்று ஒரு குதி குதித்துக் கால் விரலை நசுக்கும். பீரோ என்னவோ ஒன்றுதான்.

மெதுவாக நகர்வதற்கும் குதிப்பதற்கும் சம்பந்தம் உண்டா, ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறதா என்பதுதான் என் கேள்வி. உண்டு என்று என் மனசு சொல்லியது. மனசு சொன்னால் யார் சம்பளம் கொடுப்பார்கள்?

எங்கள் இயக்குநர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதில்லை என்று அர்த்தம்.

"மேடம், இவ்வளவு வருஷமா மெது அறைக்குச் செலவு பண்றோம். மெதுவா நகர்ந்து வேகமான ஒண்ணைத் தள்ளிவிட்டதா ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க போதும். அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது. காட்டலைன்னா அறையை மூடிடுவோம்."

"அப்ப நான்?"

"கடற்கரை நிலையத்துல அலை உயரம் பார்க்க ஆள் இல்ல. குவார்ட்டர்ஸ் உண்டு. நல்ல காத்து."

அந்த நிலையம் ஒரு இரவு முழுக்க ரயிலில் போனால் வருகிற தூரத்தில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இங்கே மூக்குக் கண்ணாடிக் கடை, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வர முடியாது. என் மகள் வாலு அப்போது மூன்றாவது வகுப்பு. நான் போனால் மாசத்துக்கு ஒரு தடவை வந்து அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அளந்து பார்த்துவிட்டுப் போகிற அம்மாவாகத்தான் இருப்பேன். நல்ல காற்றாம்! வெளியே வந்து கதவைச் சாத்திய வேகத்தில், அடுத்த அறையில் நாத்தனாரின் கருவி ஒரு கோடு போட்டுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

இங்கே நீங்கள் கேட்கலாம். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், அலுவலகத்திலும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அதுதான் முடியாது. வீட்டில் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது, அலுவலகத்தில் உறவைக் காட்டக் கூடாது என்பது சட்டம். முதல் பாதியைப் போட்டவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் நானும் அவர் அக்காவும் சாப்பாட்டு மேசையில் ஒரு கோட்டைப் பற்றி வாதாடி, அவர் கையில் வைத்திருந்த சாப்பாடு ஆறி, பசியே போய்விட்டதாம். இரண்டாவது பாதியைப் போட்டவர் இயக்குநர். அதனால் வீட்டில் 'அண்ணி' என்று கூப்பிடுகிறவரை அலுவலகத்தில் 'மேடம்' என்பேன், அவரும் என்னை 'மேடம்' என்பார். ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலில் நின்று ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்கிற கூத்தைப் பார்க்க லிஃப்ட் ஆபரேட்டர் தினமும் காத்திருப்பார்.

ஆகவே நான் முறைப்படி எழுதிக் கேட்டு, முறைப்படி அவருடைய பட்டியலை வாங்கினேன். அண்ணியின் பட்டியல் என்றால் சும்மா இல்லை. எந்த அதிர்ச்சி எங்கே எப்போது வந்தது என்று ஒரு பிசிறு இல்லாமல் இருக்கும். நிலையத்துக்கே அதனால் ஒரு கேடயம் கிடைத்தது, நகரத்துக் கட்டட விதிகளைக்கூட அதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். அடுத்த மாசம் அவருக்குத் துணை இயக்குநர் பதவி வரப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டியலை என் கோடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கோடு சாய்ந்த இடத்திலெல்லாம் அவர் பட்டியல் காலி. அவர் பட்டியலில் அதிர்ச்சி வந்த இடத்திலெல்லாம் என் கோடு நேராக நின்றது. எலியும் பூனையும்கூட எப்போதாவது ஒரே அறையில் இருக்கும். இவை இரண்டும் ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை.

நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். "அம்மா, நீ கடலுக்குப் போனா எனக்குக் கிளிஞ்சல் அனுப்புவியா?" என்று வாலு ஆசையாகக் கேட்டாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் பெரிய சண்டை. காரணம் பிளாஸ்டிக் டப்பா. எங்கள் சமையலறையில் இரண்டு அலமாரிகள், ஒன்று அண்ணியுடையது, ஒன்று என்னுடையது. அன்றைக்கு என் அலமாரியைத் திறந்தால் பாதி காலி.

"அண்ணி, என் டப்பாவெல்லாம் எங்க?"

"எதுக்கும்... மூடி... இல்ல," என்றார் அவர், ஒவ்வொரு வார்த்தைக்கும் இடம் விட்டு. "மூடி இல்லாத டப்பா எதுக்கு? காலையில குப்பை வண்டியில போட்டுட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"நீ மட்டும்?" என்றார். "என் அலமாரியில இருந்த மூடியெல்லாம் எங்க?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முந்தின நாள் கோபத்தில் சமையலறையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, அண்ணியின் அலமாரியில் கிடந்த மூடிகளை அள்ளி வெளியே போட்டவள் நான்தான். "டப்பா இல்லாத மூடியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று கத்தினேன். நியாயம் என் பக்கம் கொஞ்சம்கூட இல்லாதபோது என் குரல் இன்னும் உயரும்.

என் வீட்டுக்காரர் கதவருகில் வந்து நின்றார். வாயில்லாப் பூச்சி. அன்றைக்கு அவருக்கே பொறுக்கவில்லை.

"அக்கா மூடி இல்லாத டப்பாவைத் தூக்கிப் போட்டா. நீ டப்பா இல்லாத மூடியைத் தூக்கிப் போட்ட. அட, ரெண்டு பேரும் ஒரு தடவை ஒரு அலமாரியில வெச்சுப் பார்த்திருந்தா எல்லாம் முழு டப்பாதானேடி! இப்ப நாளைக்குப் புள்ளைக்கு எதுல சாப்பாடு கட்டுறது?"

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வேறாக வந்தது.

"அண்ணி, ஆபீஸ்ல நீங்க எதைத் தூக்கிப் போடுவீங்க?"

"வீட்டுல அந்தப் பேச்சு வேணாம்னு..." என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர்.

"சும்மா இருடா," என்றார் அண்ணி. அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. பிறகு பழையபடி நிதானமாகி, என்னைப் பார்த்துச் சொன்னார். "தலை தெளியாத அதிர்ச்சியை எடுக்க மாட்டேன். கோடு பட்டுன்னு எழும்பணும். அடியில முணுமுணுன்னு ஏதோ ஓடிட்டு, அதுல இருந்து எப்ப ஆரம்பிச்சுதுன்னே தெரியாம எழும்பினா, அது குப்பை. ஒதுக்கிடுவோம். நீ?"

அந்த முணுமுணுப்புதான் மெதுவாக நகரும்போது பூமி போடுகிற சத்தம். அவர் குப்பை என்று ஒதுக்கியதெல்லாம் என் ஆட்கள். சரி, நான் என்ன செய்கிறேன்? வேக அதிர்ச்சி வந்தால் என் கோடு ஒரு குதி குதிக்கும். குதித்தால் அழுக்கு. அந்த நாளையும் அதற்கு முன்னும் பின்னும் சில நாட்களையும் கத்தரித்துவிட்டு, இரண்டு முனையையும் இழுத்து ஒட்டிவிடுவோம். மெது அறையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். அதற்குப் பெயர் 'சுத்தம் செய்தல்'. ஒரு வேக அதிர்ச்சிக்கு முன்னால் பூமி மெதுவாக நகர்ந்திருந்தால், அது சரியாக நான் வெட்டி எறிந்த துண்டில்தான் இருக்கும்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! இரண்டு பேரும் சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அகப்பையால் துழாவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நல்லவேளையாக, கணினிக் குப்பையை யாரும் வண்டியில் ஏற்றுவதில்லை. சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகளையும் எதிரும் புதிருமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வாலு மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு படம் வரைந்தாள். அண்ணி தன் குப்பையிலிருந்து ஒரு தேதியைப் படிப்பார், நான் என் குப்பையில் அந்தத் துண்டைத் தேடுவேன். முதல் தேதிக்கு என் கோடு அழகாகச் சாய்ந்திருந்தது. அதன் மேலேயே அவருடைய தலை தெளியாத அதிர்ச்சிகள் கொத்துக் கொத்தாக, கடைசியில் ஊரே உணர்ந்த ஒரு பெரிய குலுக்கல். நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணி! தள்ளிவிட்டிருக்கு பாருங்க! மெதுவா நகர்ந்து, நகர்ந்து, டமால்!"

"அடுத்ததைப் பாரு," என்றார்.

அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மகிழ்ச்சியில் வீட்டுக்காரருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், அவர் பயந்துபோனார்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. பொழுது சாய்வதற்குள் வேறு மாதிரியானவையும் வர ஆரம்பித்தன. ஒன்றில் வேக அதிர்ச்சி முதலில் வந்து, அதற்குப் பிறகுதான் பூமி மெதுவாக நகர ஆரம்பித்தது. இன்னொன்றில் எது முதல் என்று சொல்லவே முடியவில்லை. இன்னும் சிலவற்றில் பூமி பாட்டுக்கு மெதுவாக நகர்ந்துவிட்டு, யாரையும் தள்ளாமல், ஒன்றும் நடக்காததுபோல் நின்றுவிட்டது. எண்ணிப் பார்த்தால் என் பக்கம் பேசுபவை பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

"குழுவுக்கு நல்லதா நாலை மட்டும் காட்டிடறேன்," என்றேன்.

"மத்ததெல்லாம்?"

"அதை அப்புறமா..."

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் திட்டினால்கூடத் தேவலை.

"மறுபடியும்... குப்பையா?"

"ஐயோ அண்ணி, ஒரு உதாரணம் போதும்னு அவரே சொன்னாரு! எல்லாத்தையும் கொட்டினா குழப்பம்தான் மிஞ்சும். என்னைக் கடலுக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்கென்ன, பதவி வருது. நான் என் புள்ளையை விட்டுட்டுப் போகணும்!"

கத்திவிட்டேன். மேசைக்கு அடியில் கிரயான் சத்தம் நின்றுவிட்டது. அண்ணி தன் மடிக்கணினியை மூடினார், எழுந்தார், "உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவு சாத்தின சத்தம்கூடக் கேட்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கும் தெரியும், ஆனால் பூசணிக்காய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நல்ல நாலை எடுத்து வரிசையாக வைத்தேன். எவ்வளவு அழகாக இருந்தது! அத்தனை வருஷமாக என் கோடுகள் அழகாக இருந்த காரணமும் அதேதான் என்று தோன்றியதும் எனக்கு என் மேலேயே கோபம் பொங்கியது. வெட்டி வெட்டி அழகு பார்த்துத்தானே இந்தக் கதிக்கு வந்தேன்? "போங்கடா, வர்றது வரட்டும்," என்று வாய்விட்டுச் சொல்லி எல்லாவற்றையும் சேர்த்தேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

குழு வந்த அன்று கூட்ட அறையில் மூன்று வெளியாட்கள், இயக்குநர், நான், எதிர் வரிசையில் அண்ணி. நான் எல்லாப் படங்களையும் போட்டுக் காட்டினேன். இயக்குநர் பேனாவை விரலுக்கு நடுவில் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப மெதுவானது முதல்ல வருது. அதுதானே?"

"சில சமயம் சார்."

"வேகமானது முதல்ல வர்றதும் உண்டா?"

"உண்டு சார். சில சமயம்."

"ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம?"

"அப்படியும் சிலது இருக்கு."

"மேடம், இது ஆராய்ச்சியா, வானிலை அறிக்கையா?"

வெளியாட்கள் சிரித்தார்கள். என் காது மடல் சுட்டது. பதிலுக்கு நாக்கு நுனியில் நல்லதாக ஒன்று வந்து நின்றது, அதை விழுங்கினேன்.

"எது எதைத் தள்ளுதுன்னு எனக்குத் தெரியல சார். இன்னும் தெரியல. ஆனா ரெண்டும் ஒரே இடத்துல, ஒரே சமயத்துல, பக்கத்துல பக்கத்துல நடக்குது. தற்செயல்னு சொல்ல முடியாத அளவுக்கு நடக்குது. இவ்வளவு நாள் அது நம்ம கண்ணுல படல. ஏன்னா ரெண்டு அறையிலயும் அதைத்தான் நாம கவனமா அழிச்சுட்டு இருந்தோம்."

"நான் கேட்டது ஒரு பதில். நீங்க கொண்டு வந்திருக்கறது ஒரு கேள்வி," என்று இயக்குநர் கோப்பை மூடினார். முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிளிஞ்சல் அனுப்ப எந்தப் பெட்டி தோதாக இருக்கும் என்றுகூட மனசு யோசித்தது, பாழாய்ப்போன மனசு.

அப்போது அண்ணி கையைத் தூக்கினார். கூட்டங்களில் அவர் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. அதனால் எல்லாரும் திரும்பினார்கள்.

"என் பட்டியல்ல... ஓட்டை இருக்கு," என்றார்.

இயக்குநருக்குப் புரியவில்லை. "எந்தப் பட்டியல்?"

"கேடயம் வாங்கின பட்டியல். தலை தெளியாததையெல்லாம் நாங்க விட்டுட்டோம். அதுல பாதிக்கு மேல நிஜமான அதிர்ச்சி. கட்டட விதிகளுக்கு நாம கொடுத்த எண்ணிக்கை குறைவு." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "அதைத் திருப்பி எடுக்கணும்னா, எப்ப எங்க தேடணும்னு மெது அறை சொல்லணும். மெது அறையை மூடினா என் பட்டியலை யாரும் நம்பாதீங்க. நான் நம்ப மாட்டேன்."

"மேடம்," என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "இப்ப இதைச் சொன்னா, உங்க பதவி விஷயம்..."

"தெரியும் சார்."

வெளியாட்களில் ஒருவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கட்டட விதி என்றதும் இயக்குநரின் நெற்றி வேர்த்துவிட்டது. பட்டியலைத் திருத்தி முடிக்கிற வரை மெது அறை இருக்கும், நானும் இருப்பேன். அதுவரை துணை இயக்குநர் பதவி நிறுத்தி வைக்கப்படும். திருத்தி முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் தண்ணீர்க் குழாய் அருகே அண்ணியை மடக்கினேன். சுற்றி யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க? உங்களை யாரு எனக்காக இதெல்லாம் செய்யச் சொன்னது? நான் போயிருப்பேன்ல? எத்தனை வருஷ உழைப்பு உங்களது!"

அவர் தண்ணீர் பிடித்தார், மெதுவாகக் குடித்து முடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"உனக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காத. பட்டியல் தப்பு. அவ்வளவுதான்."

"பட்டியல் சரியா இருந்திருந்தா?"

"சரியா இருந்திருந்தா நீ கெளம்ப வேண்டியதுதான்." கொஞ்சம் யோசித்தார். "ரயில் ஏத்திவிட வந்திருப்பேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு பிரளயம் பண்ணியிருப்பேன். ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருப்பவள் மனசு நோகக் கூடாதே என்றுகூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷி. அப்படியானால் இத்தனை வருஷத்தில் இவர் எப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால், அது அத்தனையும் நிஜமாக இருந்திருக்கிறது. வாலு பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையைப் பார்த்துவிட்டு, மிரண்டு போய்க் கிடந்த என்னைப் பார்த்து, "நீ நல்லா வளர்ப்ப," என்றார். சும்மா ஒப்புக்குச் சொல்கிறார் என்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன். "அண்ணி, இன்னிக்கு நான் பேசினது எப்படி இருந்துச்சு?"

அவர் அவசரப்படவில்லை. நான் பேசியதை முதலிலிருந்து கடைசி வரை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"முதல் பாதி சுமார்," என்றார். "படம் ரொம்பச் சின்னது, பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல."

"சரி அண்ணி."

"தெரியலன்னு சொன்ன பாரு. அது நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் வேக அறைக்குள் போய்விட்டார். நான் தண்ணீர்க் குழாய் அருகிலேயே நின்று, அந்த வழியாகப் போன இயக்குநர் பார்க்கப் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதேன்.